தொட்டில் கட்ட இடமில்லாத வீடு

"எத்தனை வாள் சேர்ந்தா அதிகம், சாமியம்மா?"

கேட்டவர் சேவுகப் பெருமாள். கோட்டைக் காவல் தளபதி. ஆறடி உயரம், நாற்பத்தெட்டு வயது. அவர் ஓர் அதட்டல் போட்டால் குதிரை லாயமே அடங்கும். அன்றைக்கு அவர் கேட்ட குரல் பக்கத்தில் நின்ற ஆட்டுக்குட்டிக்குக்கூடக் கேட்டிருக்காது.

சாமியம்மா ஏரிக்கரையில் குடிசை போட்டு இருந்தாள். ஊரில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள் அவள்தான். பிரசவம் இல்லாத நாளில், தேடி வந்தவர்களுக்குப் புத்தி சொல்வாள். இரண்டிலும் வலி ஒன்றுதான் என்று ஊரில் பேச்சு.

அவர் வந்தபோது விறகு வெட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிடியில் சாக்குத் துணி சுற்றிய நீளமான பழைய கத்தி. அவள் நிமிரவில்லை.

"இப்போ எத்தனை இருக்கு?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"யாருக்கு அது அதிகமாப் படுது?"

"வீட்டுக்காரிக்கு."

சேவுகர் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். இடுப்பில் கோட்டைச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

"மக பொன்னழகைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரணும். வெள்ளிக்கிழமை வர்றா. தொட்டில் கட்ட உத்தரத்துல இடம் இல்லையாம். உத்தரம் பூரா வாள்தானே தொங்குது."

"நீ என்ன சொன்னே?"

"மாட்டுக்கொட்டகையில கட்டலாமேன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"மூணு நாளா சோறு போடலை."

சாமியம்மா இன்னொரு கட்டையை எடுத்து வைத்து ஒரு போடு போட்டாள்.

"நீயே ஒரு கணக்கைச் சொல்லேன்."

"முந்நூறு," என்றார் சேவுகர்.

"சரி. முந்நூறு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். போய்ட்டு வா."

மனுஷன் துள்ளிக்கொண்டு நடந்தார். ஏரிக்கரை முடிவதற்குள் துள்ளல் போய்விட்டது. முந்நூறு என்றால் இன்னும் எண்பத்தெட்டு. எந்த எண்பத்தெட்டு? நல்ல வாளாக ஒன்று முந்நூற்று ஒன்றாவதாக வந்து நின்றால் என்ன செய்வது? திரும்பிக் குடிசைப் பக்கம் நாலடி வைத்தார். மறுபடி வீட்டுப் பக்கம் நாலடி. கரையில் படுத்திருந்த எருமை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் திரும்ப வந்தார்.

"முந்நூறு வேண்டாம், சாமியம்மா. நூறு போதும்."

"சரி. நூறு."

"அப்போ நூத்திப் பதிமூணைக் கழிக்கணும்."

"நூத்திப் பன்னெண்டுதானே?"

சேவுகர் தரையைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் ஒரு வணிகன் வந்தான். வளைஞ்ச வாள். கெண்டை மீன் மாதிரி மினுங்குது. வேணாம்னுதான் சொன்னேன், சாமியம்மா. கை கேட்கலை."

"சரி. போய்க் கழி."

போனார். கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார்.

முதலாவது, வடக்கு வாசல் சண்டையில் கிடைத்தது. அதை விட முடியாது. இரண்டாவதற்குத் தந்தப் பிடி. மூன்றாவது சாதாரண வாள்தான், ஆனால் நான்காவதற்கு ஜோடி. ஐந்தாவது துருப்பிடித்துக் கிடந்தது. இதை நாம் விட்டால் வேறு யார் வைத்துக்கொள்வார்கள் என்று பாவமாக இருந்தது.

உச்சிவேளைக்குள் ஒரே ஒரு வாளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதையும் சாயங்காலம் பழைய இடத்திலேயே தொங்கவிட்டார்.

"என்னங்க, கழிச்சாச்சா?" அடுக்களையிலிருந்து அவர் மனைவி முத்திருளாயி கேட்டாள்.

"கழிச்சுக்கிட்டு இருக்கேன்."

"எத்தனை?"

"இன்னும் முடியலை."

"முடியும், முடியும். நான் முடிஞ்சப்புறம் முடியும்."

வெள்ளிக்கிழமை பொன்னழகு வந்தாள். வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் இருந்தன. நிறைவயிற்றோடு வாசலில் நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் நுழைந்தாள். அவள் கூடத்தில் நடந்தபோது தரை அதிர்ந்து, மேலே தொங்கிய வாள்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

பொன்னழகு நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

சேவுகர் அதைப் பார்த்துவிட்டார். பெற்ற மகள் என் வீட்டுக்குள் பயந்து நடக்கிறாளே என்று அவருக்கு நெஞ்சு வலித்தது. வெட்கமாகவும் இருந்தது. சரி, அதற்காக ஒரு வாளையாவது இறக்கினாரா? அதுதான் இல்லை. மகளுக்கு அடுக்களையில் பாய் விரிக்கச் சொன்னார்.

அடுத்த நாள் ஏரிக்கரைக்குப் போனவர், கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"இருநூத்திப் பதினாலு."

சாமியம்மா கத்தியைக் கீழே போட்டாள். அது அவர் காலடியில் வந்து விழுந்தது. அவர் அதைத் தாண்டி வந்து உட்கார்ந்தார்.

"கழிக்க வேண்டாம், விடு," என்றாள் அவள். "நல்ல வெளிச்சத்துல தேடி ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக் காட்டு. பொன்னழகு பிறந்தப்போ கொடி அறுத்த வாள்."

சேவுகர் வீட்டு வழக்கம் அது. பிள்ளை பிறந்தால் அரிவாள், கத்தி எதுவும் ஆகாது. வீட்டு ஆண் இடுப்பில் கட்டிய வாளை நெருப்பில் காட்டி, அதன் நுனியில்தான் கொடி அறுக்க வேண்டும். பொன்னழகும் வந்த அன்றைக்கே அப்பாவிடம் கேட்டிருந்தாள். எனக்கு அறுத்த வாளிலேயே என் பிள்ளைக்கும் அறுக்கணும் அப்பா, வேற எதுவும் வேண்டாம் என்று.

சேவுகரின் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு மலர்ந்தது.

"இதுதானா? அது எனக்குத் தெரியாதா! என் முதல் வாள் ஆச்சே. பலாப்பழம் வெட்டப்போய் அம்மிக்கல்லுல பட்டு ரெண்டு பல்லு போச்சு. படையே கைகொட்டிச் சிரிச்சுது."

"அப்போ சுலபம்," என்றாள் சாமியம்மா.

சேவுகர் வீட்டுக்கு வந்து மேல்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தேட ஆரம்பித்தார்.

சுவரில் இருந்ததை இறக்கினார். இல்லை. உத்தரத்தில் இருந்ததை இறக்கினார். இல்லை. இத்தனை வருஷமாக முத்திருளாயி கெஞ்சிக் கூத்தாடியும் இறங்காத வாள்கள் ஒரே நாளில் இறங்கித் தரையில் குவிந்தன. பரண்மேல் இருந்தது, கட்டிலடியில் இருந்தது, நெல் குதிருக்குப் பின்னால் சொருகியிருந்தது எல்லாம் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு பல் போன வாள் இருந்தது. மூன்று பல் போன வாள் இருந்தது. இரண்டு பல் போனது இல்லை.

ஒருவேளை தப்பாக எண்ணிவிட்டோமோ என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்து கையைக் கழுவினார். குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்தோடு ஓடி வந்து ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். கோட்டைக் காவலில் நின்றவர் காவலை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு காரியம் செய்தது கிடையாது.

ஒரு பல் போன வாளைச் சாமியம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார்.

"இதுவா பாருங்க."

"உன் வாளை என்னையா கேட்கிறே?"

திரும்பி வந்தார்.

"அப்பா, கிடைச்சுதா?" என்று கேட்டாள் பொன்னழகு.

"கிடைச்சிரும் தாயி. வீட்டுக்குள்ளதான் இருக்கு. எங்கே போகும்?"

"அதை நான் கண்ணால பார்த்தே இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றாள் முத்திருளாயி.

"உனக்கு வாள்னா எல்லாம் ஒண்ணுதான்."

"உங்களுக்கு?"

சேவுகர் ஏணியை இழுத்துப் போட்டார். பரணில் ஏறிவிட்டார்.

நாள் குறித்ததற்குப் பத்து நாள் முன்னாலேயே, செவ்வாய்க்கிழமை நல்ல வெயில் நேரத்தில், பொன்னழகுக்கு வலி கண்டது. முத்திருளாயி ஏரிக்கரைக்கு ஓடினாள். சாமியம்மா ஒரு துணி மூட்டையோடு வந்தாள்.

வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். கூடம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு வாள். அடுக்களைக்குப் போகச் சுவரோரமாக ஓர் ஆள் ஒண்டிப் போகிற வழி மட்டும் இருந்தது. அதில் ஒண்டிப் போய்ப் பொன்னழகைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"அங்கே ஒரே புகை. பிள்ளைத்தாச்சிக்கு மூச்சு முட்டுது. கூடத்துக்குக் கொண்டு வரணும்."

சேவுகர் குவியலுக்கு நடுவில் நின்றிருந்தார். கையில் ஒரு வாள் இருந்தது.

"இன்னும் நாற்பதுதான் சாமியம்மா பாக்கி. இந்த நாற்பதுல இல்லாம இருக்காது. இதைப் பார்த்து முடிச்சிட்டு..."

"அப்பா!" என்று உள்ளேயிருந்து அலறினாள் பொன்னழகு.

அந்தச் சத்தத்தில் அவர் கையிலிருந்த வாள் நழுவி விழுந்தது.

சேவுகர் குனிந்தார். இரண்டு கையாலும் அள்ளினார். வாசலுக்கு ஓடித் தெருவில் கொட்டினார். திரும்பி வந்து அள்ளினார். எது தந்தப் பிடி, எது ஜோடி என்றெல்லாம் பார்க்கவில்லை. கெண்டை மீன் மாதிரி மினுங்கியது குப்பைக்குழியில் போய் விழுந்தது. கை கிழிந்து ரத்தம் வழிந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அள்ளினார். கூடத்துத் தரை என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

கூடம் காலியானது. பொன்னழகைக் கைத்தாங்கலாகக் கொண்டு வந்து படுக்கவைத்தார்கள். முத்திருளாயி உத்தரத்தில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினாள். கட்ட இடம் தாராளமாக இருந்தது.

சேவுகர் திரைக்கு வெளியே நின்றார். உட்கார முடியவில்லை. வாசலுக்கும் திரைக்குமாக நடந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளை அழுதது.

சேவுகரும் அழுதார். தளபதி அழலாமா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

"சாமியம்மா, அந்த வாள் கிடைக்கலை. பொன்னழகு, அப்பாவால முடியலை தாயி. நீ கேட்டது அந்த ஒண்ணுதான். அதை என்னால தர முடியலை."

"நெருப்பு கொண்டா," என்றது திரைக்கு உள்ளேயிருந்து சாமியம்மாவின் குரல்.

சட்டியில் தணல் எடுத்து வந்து திரையை விலக்கி நீட்டினார். சாமியம்மா மூட்டையைப் பிரித்து விறகு வெட்டுகிற கத்தியை எடுத்தாள். கைப்பிடியில் சுற்றியிருந்த சாக்குத் துணியை அவிழ்த்துப் போட்டாள். தேய்ந்து பாதி அகலமாகிவிட்ட அலகைத் தணலில் காட்டினாள்.

அலகில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல் போயிருந்தது.

சாமியம்மா அதன் நுனியால் கொடியை அறுத்தாள். நூலால் முடிச்சுப் போட்டாள். பிள்ளையைத் துணியில் சுற்றிப் பொன்னழகின் பக்கத்தில் கிடத்தினாள்.

"பேரன்," என்றாள்.

சேவுகர் பேரனைப் பார்த்தார். வாளைப் பார்த்தார்.

"இது என் வாள்."

"ஆமா."

"உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"கொடி அறுத்த வாள் தீட்டுக் கழியிற வரைக்கும் மருத்துவச்சிகிட்டதான் இருக்கணும். பதினாறாம் நாள் தகப்பன் வெத்திலை பாக்கோட வந்து வாங்கிட்டுப் போகணும். உங்க வீட்டு வழக்கம்தானே? வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனே."

"இத்தனை வருஷமா இதுலயா விறகு வெட்டினீங்க? என் கண்ணு முன்னாலயா?"

"உன் கண்ணு முன்னாலதான்."

பொன்னழகு பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"பதினாறாம் நாள் நீங்க ஏன் அப்பா போகலை?"

சேவுகர் யோசித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பதினஞ்சாம் நாள் ராஜா எனக்கு ஒரு வாள் கொடுத்தார், தாயி. வெள்ளிப் பிடி போட்டது. அதைக் கட்டிக்கிட்டு மறுநாள் பூரா ஊர் சுத்தினேன்."

"அது எத்தனாவது வாள்?"

"ரெண்டாவது," என்றார் சேவுகர்.