ஆவுடையப்பன் வீட்டுச் சின்ன ஜன்னல்

சொன்னபட்டிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். ஒரு எழுத்துக் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் இந்த ஒரு நல்ல குணத்தால் வந்ததுதான்.

அந்த ஊர் ஆவுடையப்பனுக்குச் சித்திரை வெயிலில் ஒரு சோதனை வந்தது. அவன் வீட்டில் படுக்கிற அறை ஒன்றுதான். அதற்குத் தெருப்பக்கம் ஒரே ஜன்னல். அதுவும் பூனை உட்கார்ந்தால் அடைத்துக்கொள்கிற அளவு. ஒருநாள் காலையில் அவன் மனைவி வடிவு பெட்டியும் கையுமாக வாசலில் நின்றாள்.

“இட்லிக் கொப்பரைக்குள்ள படுத்த மாதிரி இருக்கு. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அந்தச் சின்ன ஜன்னலுக்குத் தோதா ஒரு ஏசி மாட்டுங்க, வாரேன். இல்லேன்னா ஐப்பசி மழையிலதான் என்னைப் பார்ப்பீங்க. கடைக்குப் போறப்ப ஜன்னல் அளவை எடுத்துட்டுப் போங்க. ஏசி ஓடுறப்ப கதவைச் சாத்தி வைங்க, இல்லேன்னா குளிரெல்லாம் வெளிய போயிரும். கேட்டுச்சா?”

“கேட்டுச்சு வடிவு,” என்றான் ஆவுடையப்பன். அவள் தெருமுனை திரும்பியதுமே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் இல்லாத வீட்டில் அவனுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது. சமைக்கத் தெரியாததும் ஒரு காரணம்தான். ஆனாலும் அவள்மேல் உயிரையே வைத்திருந்தான்.

கூட்டாளிகள் குத்தாலமும் பூதத்தானும் வந்தார்கள். மூன்று பேரும் ஜன்னலை வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு ஆவுடையப்பன் இரண்டு கையையும் ஜன்னலின் இரு ஓரத்திலும் வைத்தான், அப்படியே விறைப்பாக எடுத்தான்.

“அளவை எடுத்தாச்சு. நடங்கவே,” என்றான்.

பஸ்ஸில் கூட்டாளிகள் இரண்டு பேரும் அவன் கைகளுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் காவல் நின்றார்கள். டிக்கெட்டைக் குத்தாலம் எடுத்தான். மூக்கு அரித்தபோது பூதத்தான் சொறிந்துவிட்டான். அளவு ஒரு நூல்கூட மாறாமல் டவுனுக்கு வந்து சேர்ந்தது.

ஏசிக் கடை வாசலில் முதலாளி முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, “வாங்க வாங்க, வணக்கம்!” என்று கும்பிட்டார்.

கும்பிட்ட மனுஷனை எப்படிச் சும்மா விடுவது? ஆவுடையப்பன் மரியாதை தெரிந்தவன். “வணக்கம்,” என்று அவனும் கும்பிட்டுவிட்டான்.

“போச்சு!” என்று குத்தாலம் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஜன்னலைச் சாத்திப்புட்டியேவே!”

பூதத்தான் ஒட்டியிருந்த உள்ளங்கைகளை உற்றுப் பார்த்துவிட்டு, “காத்துகூடப் போகாதே. இந்த அளவுக்கு ஏசி இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டான்.

“அந்தச் சைஸ்ல வரலியேங்க,” என்றார் முதலாளி.

மறுநாள் புத்தியாக நடந்துகொண்டார்கள். அளவு கையில் நிற்காது என்று தெரிந்துபோனதால், கடப்பாரை போட்டு ஜன்னலையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். முதலாளி ஜன்னலைக் கண்டதும் ஒரு சோடா வாங்கிக் குடித்தார். பிறகு, “முக்கால் டன் போதுமா, ஒரு டன் வேணுமா?” என்றார்.

மூன்று பேரும் மூலைக்குப் போய்க் கூடிப் பேசினார்கள்.

“ஒரு டன்னுன்னா லாரி வேணும். சுவரு தாங்காது,” என்றான் குத்தாலம்.

“முக்கால் டன்னும் சும்மாவா? ஒரு கிலோ கேட்டுப் பார்ப்போம்,” என்றான் பூதத்தான்.

ஆவுடையப்பன் குறுக்கே பாய்ந்தான். “ஒரு கிலோ குளிரு வடிவுக்குக் காணாது. என் முதுகு ஒடிஞ்சாலும் சரி, முக்கால் டன்னை நான் சுமக்கேன்!”

பெட்டி வந்தது. அடக்கமான சின்னப் பெட்டி. ஆவுடையப்பன் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு தூக்கினான். தூக்க முடிந்தது! முக்கால் டன்னைத் தனியாளாகத் தூக்கிய சந்தோஷத்தில் அவன் கண் கலங்கிவிட்டது. முதலாளி அதை ஜன்னல் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தார். அளந்து செய்த மாதிரி உட்கார்ந்தது.

“மாட்டுறதுக்கு எங்க ஆளை அனுப்புறேன்,” என்றார்.

“எங்க ஜன்னல் எங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?” என்றான் ஆவுடையப்பன்.

“சரி, முன்பக்கம் பின்பக்கம் மாறாமப் பார்த்துக்கோங்க.”

வீட்டுக்கு வந்ததும் இதில்தான் பெரிய வழக்கு வந்தது. “வீட்டுக்கு முன்பக்கம் எது?” என்றான் குத்தாலம்.

“தெரு,” என்றான் ஆவுடையப்பன்.

“பின்ன என்ன? முன்பக்கம் முன்பக்கத்தைப் பார்க்கட்டும். மாறக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்லா?”

ஜன்னல் சட்டத்தோடு அப்படியே வைத்து, சுற்றிலும் சிமெண்டைக் குழைத்து அப்பினார்கள். சிமெண்ட் கல்லாக இறுகியதும் சுவிட்சைப் போட்டார்கள். தெரு ஜில்லென்று ஆனது. அறைக்குள் இருந்த ஆவுடையப்பனுக்கோ வேர்த்துக் கொட்டியது.

“ஏசி நல்ல ஏசிதான். அறைதான் தப்பான பக்கத்துல இருக்கு,” என்றான் பூதத்தான்.

“அறையைத் தூக்கி அந்தப்பக்கம் வைக்க முடியுமா? முக்கால் டன்னைத் தூக்கின ஆளாச்சே நீ,” என்றான் குத்தாலம்.

ஆவுடையப்பன் சுவரைக் கட்டிப்பிடித்து முக்கிப் பார்த்தான். சுவர் அசையவில்லை. காலையிலிருந்து சாப்பிடாததுதான் காரணம் என்று முடிவானது. கட்டிலை மட்டும் தூக்கித் தெருவில் போட்டார்கள். அக்கம்பக்கத்தாரும் பாயோடு வந்து படுத்தார்கள். எல்லாருக்கும் சுகம். ஆவுடையப்பனுக்கு மட்டும் மனசு அடித்துக்கொண்டது. வடிவு சொன்னது ஞாபகம் வந்துவிட்டது.

“கதவைச் சாத்தி வைக்கச் சொன்னாளேவே! குளிரெல்லாம் மெயின் ரோட்டுக்குப் போகுது. வந்து பார்த்தா திரும்பிப் போயிருவாளே!”

உடனே வீட்டு வாசற்கதவை நிலையோடு பெயர்த்தார்கள். தெருமுனையில் குழி தோண்டி நட்டார்கள். சாத்தி, தாழ்ப்பாளும் போட்டார்கள். கதவுக்கு இரண்டு பக்கமும் மாட்டுவண்டி போகிற இடம் திறந்து கிடந்தது. ஆனால் சொன்னபட்டியில் கதவென்று ஒன்று இருந்தால் அதன் வழியாகத்தான் வருவார்கள். காற்றும் அப்படித்தானே என்று நினைத்து அவர்கள் நிம்மதியாகக் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் சேதி கேட்டு வடிவு ஆட்டோவில் வந்து இறங்கினாள். தெருமுனையில் தன் வீட்டுக் கதவு தன்னந்தனியாக நிற்பதைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்து ஏற இறங்கப் பார்த்தாள். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். தெருவில் கட்டில், பாய்கள், வீட்டில் கதவிருந்த இடத்தில் பெரிய ஓட்டை. எல்லாம் தெரிந்தது.

ஆவுடையப்பனும் அவளைப் பார்த்துவிட்டான். “போயிராதே வடிவு, போயிராதே,” என்று முணுமுணுத்தான்.

வடிவு கதவைத் தட்டினாள்.

அவன் விழுந்தடித்து ஓடி, கதவுக்குப் பின்னால் நின்று, “யாரு?” என்றான்.

“நான்தான்.”

தாழ்ப்பாளை எடுத்தான். வடிவு செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு, வலது காலை எடுத்துவைத்துத் தெருவுக்குள் வந்தாள். குளிர்காற்று முகத்தில் பட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

“அம்மாடி, எவ்வளவு சுகமா இருக்கு!” என்றாள். உடனே முகம் மாறி அவன்மேல் சீறினாள். “என்ன வாயைப் பொளந்துட்டு நிக்கீங்க? கதவைச் சாத்துங்க மொதல்ல, குளிரு போகுதுல்லா! அப்புறம், ஜன்னலை எங்க வைக்கப் போறீங்க?”

“எந்த ஜன்னல்?”

“தெருவுக்கு ஒரு ஜன்னல் வேண்டாமா?” என்றாள் வடிவு. “காத்து எப்படி வரும்?”