புளியமரத்தடி வாயில்காப்போன்

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த காலத்தில், மகுடகேசரி என்றொரு ராஜா ஒரு நாட்டை ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் எந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னாலும் தோற்றவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். ராஜாவுக்கு அது பொறுக்கவில்லை. தோற்றவன் பின்னே பாடிக்கொண்டா போவான்? அதை யார் அவரிடம் சொல்வது!

ராஜகுரு வேதகிரியார் ஒரு வழி சொன்னார். "அரசே! மனிதர் சொல்லும் தீர்ப்பை மனிதர் எதிர்ப்பர். தெய்வ சந்நிதியில் சொல்லும் தீர்ப்பை எதிர்ப்பார் உண்டோ? நீதிசபையைப் பொன்மலைநாதர் கோயில் மண்டபத்துக்கே மாற்றிவிடுங்கள்."

சபையில் விகடம் சொல்லிப் பிழைக்கும் மிளகனும் அங்கே இருந்தான். ஆள் கறுப்பு, உருவம் சிறிசு, கடித்தால் காரம். ஊரே சேர்ந்து அந்தப் பெயரை வைத்துவிட்டது. "நல்லதாயிற்று அரசே. தீர்ப்பு கசந்தாலும் சர்க்கரைப் பொங்கல் இனிக்கும்" என்றான். சபை கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ராஜா ஆணையில் முத்திரையைக் குத்திவிட்டார்.

அந்த வேடிக்கைப் பேச்சு பிறகு மிளகன் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தியது. ஏனென்றால் கோயிலுக்குள் வரத் தகுதியுள்ளவருக்குத்தான் இனிமேல் நீதி. அந்த நாட்டில் மலையைக் கும்பிடுகிறவர்கள் இருந்தார்கள், சூரியனைக் கும்பிடுகிறவர்கள் இருந்தார்கள், உருவமே இல்லாத ஒருவனைத் தொழுகிறவர்களும் இருந்தார்கள். அவர்களெல்லாம் வரி கட்டலாம், வழக்குச் சொல்ல முடியாது. சரி, உள்ளே போனவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. வரப்புச் சண்டையில் தோற்ற ஒரு கிழவர் அன்றோடு கோயில் விளக்குக்கு எண்ணெய் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். "சாமியே அவன் பக்கம் சேந்துக்கிட்டாரு, எனக்கு எதுக்கு வெளக்கு?" என்று கேட்டார். முன்பெல்லாம் ராஜாவைத் திட்டியவர்கள் இப்போது சாமியைத் திட்டினார்கள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் மிளகனைத் தேடிக்கொண்டு செங்காயி என்ற பெண் வந்தாள். பரிசல்காரன் ஓடையானின் மனைவி. வெள்ளம் வந்த ஒருநாள், உற்சவ மூர்த்தியின் பல்லக்கை அக்கரைக்குக் கொண்டுபோக வேதகிரியார் பரிசல் கேட்டார். ஓடையான் முடியாது என்றுவிட்டான். தெய்வ நிந்தனை என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். மூன்று வெள்ளிக்கிழமைகளுக்குள் அவன் தரப்பு ஆள் சபைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும்; வராவிட்டால் நாடுகடத்தல். இரண்டு வெள்ளி செங்காயி வாசலுக்கு வெளியே நின்றதிலேயே போய்விட்டது. அவர்களோ உருவமில்லாதவனைத் தொழும் கூட்டம்.

"நான் கோயிலுக்குள்ள வந்தா எங்க சாமிக்கு ஆகாது. வந்தாலும் உங்க சாமிக்கு ஆகாது" என்றாள் செங்காயி. அழுது தீர்ந்த கண்கள். "ரெண்டு சாமிக்கும் கோவம் வராம, வெளியில அந்தப் புளியமரத்தடிக்கு ராஜாவை ஒரே ஒரு நாழி வரச் சொல்லுங்கய்யா. அவரு கேட்டா போதும். எம் புருசனை விட்டுட்டு நான் எந்த ஊருல போயி இருப்பேன்?"

மிளகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பிழைப்பில் அது பெரிய சங்கடம்.

அவள் வந்து போனது வேதகிரியார் காதுக்கும் போயிற்று. மிளகன் மீது அவருக்கு நெடுநாள் புகைச்சல். அவர் ஒரு நாழிகை உபதேசித்தாலும் ராஜாவின் தலை அசையாது. மிளகன் ஒரு வார்த்தை சொன்னால் ராஜாவின் வயிறே குலுங்கும். மறுநாளே குரு ராஜாவிடம் சென்றார். "அரசே! கோயில் வாயிலுக்கு விழிப்பான காவலன் தேவை. மிளகனைவிடக் கூர்மையானவர் யார்? தகுதியில்லாத ஒருவர் உள்ளே நுழைந்தாலும் காவலன் தலை தப்பக் கூடாது. அவ்வாறு ஆணையிடுங்கள்." இரக்கப்பட்டு அந்தப் பெண்ணை உள்ளே விடுவான், தலை போகும் என்பது அவர் கணக்கு.

ராஜா ஆணையிட்டார். மிளகன் வணங்கி, "யாராயிருந்தாலும் விடக் கூடாது, அப்படித்தானே அரசே?" என்றான்.

"யாராயிருந்தாலும்" என்றார் ராஜா.

மூன்றாம் வெள்ளி வந்தது. விடிந்ததும் மிளகன் தடியும் கையுமாக வாயிலில் நின்றான். எதிரே புளியமரத்தடியில் செங்காயி. உள்ளே வா என்று இவன் கூப்பிடவும் இல்லை, அவள் வரவும் இல்லை. தூணுக்குப் பின்னாலிருந்து வேதகிரியார் எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அப்போது மேலைக்காடு என்ற ஊரிலிருந்து ஓர் ஓலைக்காரன் கையில் கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்தான். ராஜாவின் பங்காளி வீட்டில் முந்தாநாள் பேரன் பிறந்திருக்கிறானாம். பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்தால் பத்து நாள் தீட்டு, கோயிலுக்குள் போகக் கூடாது என்பது நமக்குத் தெரியும். சேதி காதில் விழாதவரை தீட்டு இல்லை என்பதும் தெரியும். வேதகிரியாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டு மாதமாக இப்படி வந்த ஓலைகளையெல்லாம் அவர் ஆள் வாயிலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டு, பத்து நாள் கழிந்த பிறகே ராஜா காதில் போட்டுவந்தான். இன்று வாயிலில் இருந்தது அவர் ஆள் இல்லை.

"இங்கேயே நில் தம்பி. ராஜா இதோ வருகிறார். உன் வாயாலேயே சொல்" என்றான் மிளகன்.

மேளதாளத்தோடு ராஜா வந்து இறங்கினார். ஓலைக்காரன் கும்பிட்டு நற்செய்தியைச் சொல்ல, ராஜா மகிழ்ந்து ஒரு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு படியேறினார். நெஞ்சுக்குக் குறுக்கே தடி நீண்டது.

"பொறுத்தருள வேண்டும் அரசே. தங்களுக்குத் தீட்டு."

கற்கண்டு ராஜாவின் வாயிலேயே நின்றது. "மிளகனே! இது என் சபை!"

"சபை தங்களுடையது. வாசல் கோயிலுடையது. யாராயிருந்தாலும் விடக் கூடாது என்பது தங்கள் ஆணை. தலை என்னுடையது."

வேதகிரியார் ஓடிவந்தார். நிலைமையைப் பார்த்தார். பதற்றத்தில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னார். "கவலை வேண்டாம் அரசே! பத்து நாள் அரண்மனையில் இளைப்பாறுங்கள். தங்கள் இடத்தில் அமர்ந்து அடியேனே தீர்ப்புச் சொல்கிறேன்."

"அருமையான ஏற்பாடு" என்றான் மிளகன். "தங்களுக்குப் பங்காளிகள் நூற்றுப் பதினெட்டுக் குடும்பம் அரசே. ஒரு வீட்டில் தொட்டில் கட்டினால் ஒரு வீட்டில் பாடை கட்டுவார்கள். இனித் தாங்கள் வருஷம் முழுக்க இளைப்பாறலாம்."

ராஜாவின் முகம் சிவந்தது. "நான் அரசன். எனக்காக இந்த விதியைத் தளர்த்த ஆணையிடுகிறேன்!"

மிளகன் தடியை உடனே தாழ்த்தினான். "அப்படியே ஆகட்டும். குருவே, ஒரே ஒரு சந்தேகம். சாமியின் விதியை அரசர் ஆணை மாற்றுமென்றால், பொன்மலைநாதர் இன்றுமுதல் அரசருக்குக் கீழே உத்தியோகமா? தாங்கள் ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், வழி விடுகிறேன்."

வேதகிரியார் சந்நிதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பொறாமைக்காரர்தான். ஆனால் ஐம்பது வருஷம் அந்தச் சந்நிதியில் கற்பூரம் காட்டிய கை அது. கடைசியில் தலைகுனிந்து, "இல்லை. சுவாமியின் விதியை அரசர் மாற்ற இயலாது" என்றார். மிளகனுக்கு முதன்முறையாக அவர்மேல் மரியாதை வந்தது.

ராஜா வாசலில் நின்றார். வெயில் ஏறியது, வெண்கொற்றக் குடைக்குக் கீழும் வியர்த்தது. சொந்த வாசலில் நிறுத்தி வைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. மெல்லத் திரும்பிப் புளியமரத்தடியைப் பார்த்தார். "யாரவள்?"

"தங்களைப் போலவே உள்ளே போகத் தகுதியில்லாதவள், அரசே. மூன்று வெள்ளியாக நிற்கிறாள்."

ராஜா குடைநிழலை விட்டு வெளியே வந்தார். நேரே போய்ப் புளியமரத்து வேரில் உட்கார்ந்தார். "சொல்லம்மா" என்றார்.

"ஆத்தங்கரையில கல்லு யானை இருக்குதுங்களே, அதோட முழங்காலு நனைஞ்சா பரிசல் எடுக்கக் கூடாதுன்னு உங்க பாட்டனாரு போட்ட சட்டமுங்க" என்றாள் செங்காயி. "அன்னிக்கு நனைஞ்சிருந்துச்சு. சாமியை ஏத்தினா என்ன, ஆசாமியை ஏத்தினா என்ன, பரிசல் கவுந்தா கவுந்ததுதானுங்களே? உங்க சாமி முழுகிடக் கூடாதுன்னுதான் அவரு மாட்டேன்னாரு."

ராஜா குருவைப் பார்த்தார். "முழங்கால் நனைந்திருந்ததா?"

"நனைந்திருந்தது, அரசே" என்றார் வேதகிரியார்.

உச்சிப்பொழுதுக்குள் ஓடையான் விடுதலையாகி வந்தான். செங்காயி ராஜாவைக் கும்பிடக்கூட மறந்து புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள். ராஜா அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிளகனே, இந்த நிழல் நன்றாக இருக்கிறது. சபை இனி இங்கேயே நடக்கட்டும். ஆனால் கோயிலுக்கு நான் போகலாமா, கூடாதா?"

"தீட்டுக் கழிந்ததும் தாராளமாகப் போங்கள் அரசே. போகும்போது தீர்ப்பை வெளியில் வைத்துவிட்டு, மனுவை மட்டும் கொண்டுபோங்கள். அங்கே எல்லாரும் மனுக்காரர்கள்தாம்."

உள்ளே மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. வாதி பிரதிவாதிகளின் கூச்சல் அடங்கி, இரண்டு மாதத்துக்குப் பிறகு வேதகிரியார் மணியடித்த சத்தம் வெளியே தெளிவாகக் கேட்டது. அந்த வரப்புச் சண்டைக் கிழவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு தயங்கித் தயங்கிப் படியேறினார்.

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மிளகன் கழுத்தில் போட்டார். "இது பரிசு. பதவியும் தருகிறேன். இன்றுமுதல் இந்த மரத்தடிச் சபைக்கு நீயே வாயில்காப்போன்."

மிளகன் மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தான். "அரசே, இங்கே வாயிலே இல்லையே?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "அதுதானப்பா உன் வேலை. எவனும் ஒன்று கட்டிவிடாமல் பார்த்துக்கொள்!"