மிளகாய் வத்தலும் மூன்று விருந்தாளிகளும்

மேற்குமலை அடிவாரத்து ஊத்துப்பட்டியில் வேலுத்தாயம்மாளுக்கு ஒரு தோட்டமும், தோட்டத்துக்கு நடுவில் ஓர் ஓட்டு வீடும் உண்டு. பட்டணத்து ஆட்கள் வந்து இரண்டு நாள் தங்கி, மாடு கன்று பார்த்து, கிணற்றில் குளித்துவிட்டுப் போவார்கள். வேலைக்கு மூன்று பேர்: ஒச்சப்பன், சீலமுத்து, மொக்கராசு. மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். தொல்லையே அதுதான்.

போன ஐப்பசியில் மழை விட்டதும், "கிணத்து மோட்டாரைப் போடுங்கடா" என்றாள் அம்மாள். மூவரும் அதைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றுக்குள் போட்டார்கள். தை மாதத்தில், "மாட்டைப் பாத்துக்கங்க" என்றாள். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கரும்புக்காட்டுப் பக்கம் நடந்தது. மூவரும் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தார்கள். ஒச்சப்பன் மட்டும் வேப்பமரத்தில் ஏறி, இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தான். மூவரில் அவனுக்குத்தான் பொறுப்பு அதிகம்.

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. களம் முழுக்க மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. வருஷத்து வெள்ளாமை அத்தனையும் அதுதான். அன்றைக்குத்தான் சென்னையிலிருந்து சிவப்பிரகாசமும் அவர் மனைவி ஹேமலதாவும் தங்க வந்தார்கள். அன்றைக்கே பார்த்து, திண்டுக்கல்லில் அம்மாளுடைய தங்கை வீட்டுப் பால்காய்ப்பு.

"நாளைக்குக் காலையில வந்துருவேன். கூச்சப்படாம உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க" என்று வந்தவர்களிடம் சொன்னாள். பிறகு வேலையாட்கள் மூவர் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்களாடா? இனிமே இது அவங்க வீடு. அதுக்குத் தக்கன நடந்துக்கங்க" என்றுவிட்டுப் பஸ் ஏறிப் போனாள்.

ஒச்சப்பன் தொழுவத்து வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தான்.

"டே சீலமுத்து, இது அவங்க வீடுன்னா நாம யாரு?"

"வேலைக்காரங்கண்ணே."

"யாரு வீட்டு வேலைக்காரங்க?"

"அம்மா வீட்டு வேலைக்காரங்க."

"அம்மா வீடு எங்க இருக்கு?"

சீலமுத்து சுற்றுமுற்றும் பார்த்தான். இப்போதைக்கு எங்கேயும் இல்லை.

"அப்ப அடுத்தவங்க வீட்டுல நிக்கிறோம்" என்று மொக்கராசு குரலைத் தாழ்த்தினான். "அடுத்தவங்க வீட்டுக்கு வந்தவன் விருந்தாளிதானண்ணே?"

ஒச்சப்பனுக்கு முகமெல்லாம் சுருங்கிவிட்டது. வெறுங்கையோடு வந்திருக்கிறோமே என்று வெட்கம். வாழைத்தாரில் ஒரு சீப்பு அறுக்கலாம் என்றான் மொக்கராசு. அது அவங்க வீட்டு வாழை, தொட்டால் திருட்டு என்று ஒச்சப்பன் தடுத்தான். கடைக்குப் போய் பிஸ்கட் பாக்கெட் வாங்கி, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மூவரும் போய்க் கதவைத் தட்டினார்கள்.

சிவப்பிரகாசம் திறந்தார். "டீ கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் ஆசையாக.

"உங்களுக்கு எதுக்குங்கய்யா சிரமம்" என்றான் ஒச்சப்பன். "கொடுத்தா குடிக்கிறோம்."

மூவரும் உள்ளே வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி ஹேமலதா அடுப்பைப் பற்றவைத்தாள். டீயில் சர்க்கரை குறைச்சல். ஒச்சப்பன் காட்டிக்கொள்ளவில்லை. வந்த இடத்தில் குறை சொல்லலாமா?

பால் கறக்கிற நேரம் வந்து மாடு கத்தியது. ஒச்சப்பனுக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டான்.

"ஐயா, உங்க மாடு கத்துதுங்க."

"என் மாடா?"

"விவசாய வாழ்க்கையைப் பாக்கணும்னு நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க, போங்க" என்றாள் ஹேமலதா.

அவர் போனார். மாடு ஓர் உதை விட்டது. வைக்கோல் குவியலிலிருந்து அவர் எழுந்திருக்கிற வரைக்கும் மூவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். "நல்ல சுறுசுறுப்பான மாடுங்கய்யா" என்று பாராட்டினான் சீலமுத்து.

சாயங்காலம் மலை உச்சியில் மேகம் கறுத்தது. மண்வாசனை வந்தது. ஒச்சப்பன் களத்தோரம் போய் நின்றான். அத்தனை வத்தலும் அவன் கையால் பறித்துப் பரப்பியது.

"ஓடிப் போய் மூடிருவமாடா?"

"வீட்டுக்காரங்க இருக்கப்ப அவங்க பொருள்ல கை வைக்கிறது நல்லாவாண்ணே இருக்கும்?" என்றான் சீலமுத்து.

நல்லா இருக்காதுதான். ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்பிரகாசத்திடம் போனான்.

"மழை வருதுங்கய்யா."

"ஆமா, எவ்வளவு அழகு" என்று அவர் போட்டோ எடுத்தார்.

"உங்க வத்தல் நனைஞ்சுரும்ங்கய்யா."

ஹேமலதாதான் முதலில் ஓடினாள். புருஷன் நொண்டிக்கொண்டு பின்னால் போனார். மிளகாய் நெடியில் இருவருக்கும் கண்ணில் நீர் கொட்டியது. மூடுகிற படுதா காற்றில் பாய்மரம் மாதிரி எழும்பியது.

"கொஞ்சம் கை கொடுங்க" என்று கத்தினாள் ஹேமலதா.

மூவரும் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக அவள் கையைக் குலுக்கினார்கள்.

"ஐயோ, மூலையைப் பிடிங்க. விடாதீங்க."

வீட்டுக்காரம்மாவே சொல்லிவிட்டாளே. ஒச்சப்பனுக்கு உயிர் வந்தது. ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். நாலாவது மூலையில் சிவப்பிரகாசம் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் அடித்த மழையில் ஒரு வத்தல்கூட நனையவில்லை. மழை விட்டது. மூவரும் விடவில்லை. ஹேமலதா சோறு பிசைந்து வந்து ஊட்டிவிட்டாள். மூன்றாவது உருண்டையில்தான் அவளுக்கு விஷயம் புரிந்து, "இப்ப விடலாம்" என்றாள்.

மறுநாள் காலையில் மூவரும் பையோடு வந்து நின்றார்கள். "புறப்படுறோம்மா. உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துட்டோம்" என்றான் ஒச்சப்பன். சொந்தக்காரர்கள்கூட இப்படிக் கவனித்ததில்லை. ஹேமலதா வழிக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள். சிவப்பிரகாசம் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை, இவர்கள் கண் மறைகிற வரைக்கும் இறக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வேலுத்தாயம்மாள் வந்து இறங்கினாள்.

"மூட்டை முடிச்சோட எங்கடா கிளம்பிட்டீங்க?"

"ஊருக்கும்மா."

"எந்த ஊருக்கு?"

"எங்க ஊருக்குத்தான். ஊத்துப்பட்டிக்கு."

அம்மாள் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினாள். "இதுதாண்டா ஊத்துப்பட்டி."

ஒச்சப்பன் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்துவிட்டுப் பையைக் கீழே வைத்து, நிம்மதியாகக் கையைக் காலை நீட்டிச் சோம்பல் முறித்தான்.

"அதுக்குள்ள வந்துருச்சே" என்றான். "நல்ல வேளைடா, கண் அசந்திருந்தா ஊரைத் தாண்டிப் போயிருப்போம்."