பாறையை விட்டு முதலில் இறங்குவது யார்?

காட்டாற்றின் நடுவே ஒரு பெரிய பாறை. அதன்மேல் ஒரு பூனையும் ஒரு நரியும் மீன் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் ஒரு கண் தண்ணீர் மேல், இன்னொரு கண் அடுத்ததன் மேல்!

பூனையின் பெயர் செவத்தி. செம்பட்டை நிறத்துக் காட்டுப்பூனை. நரியின் பெயர் கோணவாயன். சிரித்தால் அதன் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சிரிக்காவிட்டாலும் அப்படித்தான் இருக்கும். அதனால் அது எப்போது சிரிக்கிறது, எப்போது ஏமாற்றுகிறது என்று செவத்திக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இவ்வளவு சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஏன் சேர்ந்து மீன் பிடிக்க வேண்டும்? வயிறுதான் காரணம். தனியாகப் போனால் கிடைப்பது பொடி அயிரை மீனும் குஞ்சு நண்டும். சேர்ந்து போனால் பெரிய மீன் கிடைக்கும். நரி பாறையின் மேல்பக்கம் நின்று காலால் தண்ணீரை அடித்து விரட்டும். மிரண்டு வரும் மீனைப் பூனை கீழ்ப்பக்கம் பதுங்கியிருந்து ஒரே அறையில் பாறை மேல் அள்ளிப் போடும். பாறையின் நடுவில் ஒரு குழி. பிடித்தது எல்லாம் அந்தக் குழிக்குள். பொழுது சாய்ந்தால் பங்கு.

ஒருநாள் செவத்தி, கரையில் தூங்கிய தன் குட்டியைப் பார்த்துவிட்டு வந்தது. குழியில் இருந்த கெளுத்தியைக் காணோம்!

"அது தானாத் துள்ளி ஆத்துக்குள்ள விழுந்துடுச்சு, தங்கச்சி!" என்றது நரி. அதன் மீசையில் செதில் ஒட்டியிருந்தது. கெளுத்திக்குச் செதிலே கிடையாது. அப்படியானால் போனது கெளுத்தி மட்டும் இல்லை!

மறுநாள் நரி ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு கரைக்குப் போனது. திரும்பி வருவதற்குள் செவத்தியின் வயிற்றுக்குள் இரண்டு கெண்டை இறங்கிவிட்டன. நியாயம் என்றால் இரண்டு பக்கமும் வேண்டாமா?

அன்றைக்கு வந்த சண்டையில் இரண்டும் ஒரு விதி போட்டுக்கொண்டன. "பங்கு பிரிக்கிற வரைக்கும் யாரும் பாறையை விட்டு இறங்கக் கூடாது. முதலில் இறங்கினால் பங்கு கிடையாது!"

அதனால்தான் இப்போது செவத்தியின் குட்டியும் பாறை மேல் இருந்தது. அதன் பெயர் துக்குணி. பெயருக்கு ஏற்ற சின்ன உடம்பு. அம்மா கவ்வித் தூக்கினால்தான் கரைக்கும் பாறைக்கும் நடுவே கிடக்கிற கற்களைத் தாண்டும். கரையில் தனியாக விட்டால் பயம். பார்த்துவிட்டு வரலாம் என்றால் விதி. செவத்தி வேறு என்ன செய்யும்?

அன்று நல்ல வெயில். தலைக்கு மேலே ஒரு துண்டு மேகம் இல்லை. ஆறு கணுக்கால் அளவுக்குச் சலசலத்து ஓடியது. மத்தியானத்துக்குள் குழி பாதி நிறைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாளை! நரியின் வால் நீளம் இருக்கும். அதைப் பாறை மேல் இழுத்துப் போடுவதற்குள் இரண்டுக்கும் மூச்சு வாங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் தாறுமாறாகப் போனது.

மீன்கள் செவத்தி இருந்த பக்கம் வரவே இல்லை. கூட்டம் கூட்டமாகக் கரையோரம் ஒதுங்கின. செவத்தி கண்ணைச் சுருக்கியது. 'இந்த நரிதான் மீனை அந்தப் பக்கம் விரட்டுகிறது. அங்கே தனியாக ஒரு குழி வைத்திருக்கும்!'

"என்ன அண்ணே, மீனெல்லாம் கரைப்பக்கம் போகுது? யாருக்கு அனுப்பி வைக்கிற?"

"நான் எங்கே அனுப்பினேன்? தண்ணியில இருந்து காலை எடுத்து எவ்வளவு நேரமாச்சு! நீதான் வாலை ஆட்டி ஆட்டி மிரட்டுற!"

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கியது. கண்ணாடி மாதிரி இருந்தது செம்மண் நிறமாக மாறியது. இப்போது நரிக்குச் சந்தேகம்.

"ஏன் தங்கச்சி, சேத்தைக் கிளறி விடுற? தண்ணி கலங்கினா நீ எத்தனை பிடிச்சேன்னு எனக்குத் தெரியாதுன்னா?"

"நான் இங்கே படுத்துக் கிடக்கேன். சேறு உன் பக்கத்துல இருந்துல்ல வருது!"

அடுத்து நுரை வந்தது. நுரையோடு சருகும் மூங்கில் இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. அதையும் இரண்டும் விட்டுவைக்கவில்லை. "சருகைப் போட்டு மீனை மூடி அந்தப் பக்கம் தள்ளுற!" என்றது பூனை. "சுள்ளியைக் காட்டி என் கவனத்தைத் திருப்புற!" என்றது நரி. ஆறு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அப்போது கரையில் இருந்த மருத மரத்தில் ஓர் அண்டங்காக்கை வந்து உட்கார்ந்தது. அதன் பெயர் மையன். அந்தக் காட்டில் யார் வீட்டு இரை காணாமல் போனாலும் முதலில் மையனைத்தான் தேடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

"அக்கா! அண்ணே! கரைக்கு ஓடுங்க! மேற்கே மலை கறுத்துக் கிடக்கு! அங்கே கொட்டோ கொட்டுன்னு கொட்டுது! வெள்ளம் இறங்கி வருது!"

பூனையும் நரியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அன்றைக்கு முதல் தடவையாக இரண்டும் ஒரே பக்கம் நின்றன.

"ஆகா! நாங்க மீனை விட்டுட்டு ஓடணும். நீ இறங்கி வந்து கொத்தணும். அதுதானே கணக்கு?" என்றது நரி.

"ஆமா, கொத்துவேன்! விட்டுட்டுப் போனா கொத்தத்தான் செய்வேன்! நான் திருடன்தான் அண்ணே! அதுக்காக ஆறு வராம இருந்துடுமா?"

நரி ஊளையிட்டுச் சிரித்தது. செவத்திக்குச் சிரிப்பு வரவில்லை. திருடன் திருடன் என்று தானே ஒத்துக்கொள்கிறான். பொய் சொல்கிறவன் இப்படிப் பேசுவானா? அல்லது இப்படிப் பேசுவதுதான் பெரிய பொய்யா? அதன் மீசை மயிர் ஒவ்வொன்றும் விறைத்து நின்றது.

"அண்ணே, எதுக்கும் இப்பவே பங்கு போட்டுடுவோம். போட்டுட்டுக் கிளம்பிடுவோம்."

"போடலாமே! வாளையில எனக்குத் தலைப்பக்கம்."

"தலைப்பக்கம் பெருசு! வால்பக்கம் முள்ளு! என்னை என்ன இளிச்சவாயின்னு நினைச்சியா?"

"விரட்டினது நான்!"

"அள்ளினது நான்!"

"அப்போ நீ முதல்ல கரைக்குப் போ. நான் நியாயமாப் பிரிச்சு எடுத்துட்டு வரேன்."

"நல்லா இருக்கே கதை! நீ முதல்ல போ!"

"நீ போ!"

"நீ போ!"

"அம்மா, என் வால் நனையுது" என்று சிணுங்கியது துக்குணி.

செவத்தி சட்டென்று திரும்பியது. காலையில் துக்குணி படுத்த இடம் காய்ந்த பாறை. இப்போது அங்கே தண்ணீர் ஏறி நக்கிக்கொண்டிருந்தது! கரைக்குப் போகிற கற்களைப் பார்த்தது. தாழ்ந்த கற்கள் எல்லாம் மூழ்கிவிட்டன. உயரமான சில கற்களின் தலை மட்டும் தெரிந்தது. மேலே ஆற்று வளைவுக்கு அப்பால் ஒரு சத்தம். யாரோ மலையளவு கூழாங்கல்லைக் கொட்டி உருட்டுகிற மாதிரி.

வெள்ளம் வந்தே விடும் என்று அப்போதும் செவத்திக்கு நிச்சயம் இல்லை. காக்கை மேல் சந்தேகம். நரி மேல் சந்தேகம். ஆறு மேலும் சந்தேகம். ஆனால் ஒன்று மட்டும் சட்டென்று விளங்கியது.

'காக்கா சொன்னது பொய் என்றால் போவது மீன். நிஜம் என்றால் போவது பிள்ளை!'

பூனைக்கு வாய் ஒன்றுதான். அதில் வாளையைக் கவ்வலாம், இல்லாவிட்டால் துக்குணியைக் கவ்வலாம். செவத்தி வாளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டியின் பிடரியைக் கவ்வியது. ஒரே தாவு!

"ஓகோ! முதல்ல இறங்கிட்ட! பங்கு போச்சு!" என்று பின்னால் இருந்து நரி கத்தியது. "பிள்ளையைக் கரையில விட்டுட்டு, நான் அசந்த நேரம் திரும்பி வரப் பாக்குறியா? இந்தக் கோணவாயன் அசைய மாட்டான்!"

வாய் நிறையக் குட்டி இருந்ததால் செவத்தி பதில் பேசவில்லை. பேச நேரமும் இல்லை. இரண்டாவது கல் வழுக்கியது. பின்னங்கால் தண்ணீருக்குள் போனது. ஆறு அதன் காலைப் பிடித்து இழுத்தது. துக்குணி வீல் என்று அலறியது. செவத்தி நகத்தை ஊன்றி, உடம்பை எக்கி, அடுத்த கல்லுக்குத் தாவியது. அங்கிருந்து கரை. கரையிலும் நிற்கவில்லை. மேட்டில் ஏறி, மருத மரத்தில் ஏறி, ஒரு கிளைக் கவட்டில் குட்டியை வைத்த பிறகுதான் மூச்சு விட்டது.

"இங்கேயே இரு! இறங்கினே, தோலை உரிச்சிடுவேன்!"

திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளம் வளைவைத் தாண்டிவிட்டது. செக்கச் செவேல் என்று, வேரோடு மரத்தைச் சுமந்துகொண்டு, பாறையை அப்படியே விழுங்கியது!

நரி எங்கே? அதோ! தண்ணீரில் ஒரு தலை. அந்தத் தலையின் வாயில் வாளை. இந்த நேரத்திலும் கோணவாயன் மீனை விடவில்லை!

கரையோரம் மருத மரங்களின் வேர்கள் தண்ணீருக்கு மேல் கயிறு மாதிரி தொங்கின. செவத்தி கீழே குதித்து மேட்டு மேலேயே ஓடியது.

"அண்ணே! மீனை விடு! வேரைக் கடி!"

நரி கண்ணை உருட்டிப் பார்த்தது. அந்தப் பார்வையின் அர்த்தம் செவத்திக்கு நன்றாகவே தெரியும். 'நான் விட்டால் நீ எடுத்துக்கொள்வாய்!' முதல் வேர் கடந்து போனது.

"அட கேடு கெட்டவனே! அந்த மீனு எனக்கு வேண்டாம்! என் பிள்ளை மேல சத்தியம்! வாயைத் திற!"

இரண்டாவது வேரும் கடந்து போனது. அதற்கு அப்பால் இன்னும் ஒரே ஒரு மரம்தான். அதைத் தாண்டினால் ஆறு பள்ளத்தில் விழுகிறது. செவத்தி கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அந்த நேரம் ஓர் அலை நரியின் மூக்கில் அறைந்தது. நரி இருமியது. இருமினால் வாய் திறக்கும் அல்லவா? வாளை நழுவிப் போனது. கடைசி வேர் பல்லில் பட்டது. கோணவாயன் கப் என்று கடித்துக்கொண்டது!

வேரைப் பற்றிப் பற்றி அது மேலே ஏறி வந்தபோது உடம்பெல்லாம் சேறு. நடுக்கத்தில் பல் தந்தி அடித்தது. செவத்தி ஓடிப்போய்ப் பிடரியைக் கவ்வி, மேட்டுக்கு இழுத்துப் போட்டது.

நரி கொஞ்சம் தண்ணீர் கக்கியது. பிறகு மெல்லக் கண்ணைத் திறந்தது.

"என் வாளை எங்கே?"

"ஆத்தோட போச்சு, அண்ணே."

"பொய்! என் வாயில இருந்து நழுவினதும் எடுத்துக் கரையில எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்க! உன் முழியே சரியில்லை!"

செவத்திக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. மரத்தில் இருந்து துக்குணியைக் கவ்வி இறக்கி, அதன் ஈர வாலை நக்கிக் காய வைக்க உட்கார்ந்தது.

"சந்தேகமா இருந்தா தேடிக்கோ, அண்ணே. கரை அகலமாத்தான் இருக்கு. நிதானமாத் தேடு."

பொழுது சாயும்வரை நரி ஒவ்வொரு புதரையும் முகர்ந்து முகர்ந்து தேடியது. உயிரோடு இருந்ததால் தேடியது!

ஆற்றில் நிற்கும்போது எதன்மேல் சந்தேகம் வந்தாலும் முதலில் கரையேறிவிட வேண்டும். யார் பொய் சொன்னார்கள் என்பதைக் கரையில் உட்கார்ந்து ஆற அமர விசாரித்துக்கொள்ளலாம்.