நாய் கொடுத்த வியர்வை

அந்தக் காலத்தில் மனுசனுக்கு வியர்க்காது, நாய்க்குத்தான் வியர்க்கும். நம்பாதவர்கள் எழுந்து போகலாம், பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நாயும் நரியும் நம்மைப்போலப் பேசித் திரிந்த காலம் அது. கோடையில் மனுசன் நிழலை விட்டு அசையமாட்டான். நாய் மட்டும் உடம்பெல்லாம் நனைய, வாயை மூடிக்கொண்டு, சுடுமணலில் ஜம்மென்று நடந்துபோகும்.

செக்கச்செவேலென்று மணல்மேடுகள் கிடக்கிற தேரிக்காட்டின் ஓரத்தில் சிவனணைந்தான் என்ற பனையேறி இருந்தான். பெண்டாட்டி ஒரு மழையில் நனைந்து, ஈரச்சேலையோடு கிடந்து, "குளுருது, குளுருது" என்று சொல்லிச் சொல்லியே குளிர்சுரம் கண்டு செத்துப்போனாள். மிஞ்சியது பிச்சிக்கனி என்ற சின்ன மகளும், சுழியன் என்ற நாயும்தான்.

ஒரு கோடையில் கிணறு வற்றத் தொடங்கியது. ஊர்ச்சனம் நேரத்தோடு கிளம்பி, தேரியைத் தாண்டிச் சுனைக்குப் போய்விட்டது. இவனுக்குப் பனையை விட்டுவர மனசில்லை. கிணறும் காய்ந்து, பனம்பாளையும் பதநீர் சொட்டாமல் நின்ற பிறகுதான் புத்தி வந்தது. அதற்குள் பிள்ளைக்கு நாக்கு வறண்டுவிட்டது. சாயங்காலம்வரை தாங்கமாட்டாள் என்று பயந்து, பெண்டாட்டி சாகும்போது கட்டியிருந்த பழைய நூல்சேலையை, விரித்துப் படுக்கவாவது ஆகும் என எடுத்துக்கொண்டு, மகளைத் தோளில் போட்டு உச்சிவெயிலில் மணலில் இறங்கினான்.

பாதி வழியில் பிள்ளையின் தலை துவண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"எய்யா, அவளை இறக்கு," என்றது சுழியன். "என் வியர்வையை அவளுக்குக் குடுத்திருதேன்."

"அப்போ நீ?"

"நான் எப்படியும் வந்து சேந்திருவேன். நீ ஒண்ணு செய்யி. அந்தச் சேலையை அவ மேலெல்லாம் தளர்வாப் போத்து. வெயில் தோலைத் தொடக்கூடாது. சேலை நல்லா நனையட்டும், காத்து பட்டா குளுந்துரும். சுனை வாரவரைக்கும் எடுத்துராதே."

சொல்லிவிட்டுப் பிள்ளையை நெற்றியிலிருந்து பாதம்வரை நக்கியது. நக்கிய இடமெல்லாம் முத்து முத்தாக வியர்த்தது. பிச்சிக்கனி கண்ணைத் திறந்து சிரித்தாள். நாயின் உடம்புதான் காய்ந்துபோனது. வறண்ட நாக்கு திரும்ப வாய்க்குள் போகவில்லை. பாவம், மூச்சு இரைக்க இரைக்கப் பின்தங்கிவிட்டது.

சிவனணைந்தான் மகளைச் சேலையால் போர்த்தித் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தான். சேலை தொப்பலாக நனைந்தது. காற்று ஒன்று வீசியது.

"எப்பா, குளுருது," என்றாள் பிள்ளை.

அவன் நடையை நிறுத்தினான். இதே சேலை, இதே ஈரம், பெண்டாட்டி சொன்ன அதே சொல். "ஐயையோ, இவளையும் கொண்டுபோயிருமே!" என்று சேலையை உருவினான்.

பின்னால் வந்த நாய் பார்த்துவிட்டது. எடுக்காதே என்று கத்த வாயைத் திறந்தது. தொங்குகிற நாக்கை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்லும்? "வள்! வள்!" என்றுதான் வந்தது.

"என்ன உளறுதே, சீக்கிரம் வா!" என்று சொல்லிவிட்டு, அவன் சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறந்ததிலிருந்து வெற்றுடம்போடு மரமேறியவன், திறந்த உடம்புதான் சுகம் என்று நினைத்துவிட்டான். வெயில் பிள்ளையின் தோலில் நேராக விழுந்தது. ஊறிய வியர்வை ஊறிய இடத்திலேயே காய்ந்தது. நாய் கடைசிவரை கத்திக்கொண்டே வந்தது.

சுனைக்கரையில் மகளை இறக்கினான். கையில் தண்ணீர் அள்ளி வாயில் விட்டான். அது கடைவாய் வழியே ஒழுகிப்போனது.

மூடுவதற்காகச் சேலையை விரித்தான். சுருட்டிய மடிப்புக்குள் இன்னும் ஈரம் இருந்தது. காற்று வந்து தொட்டதும், சேலை பனிபோலக் குளிர்ந்தது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"நானே கொன்னுட்டேனே, எந்தாயி!" என்று அவளைக் கட்டிக்கொண்டு கதறினான். அவள் மேலில் மிச்சமிருந்த வியர்வை அவன் உடம்பில் ஒட்டியது. அவன் கண்ணீரும் அதில் கலந்தது. நமக்கெல்லாம் வந்திருப்பது அந்த வியர்வைதான்; நாக்கில் பட்டால் உப்புக் கரிப்பதும் அதனால்தான்.

"சேலையை எடுக்கையில ஏன்லே நீ சொல்லலே?" என்று நாயிடம் கேட்டான். அது அவன் முகத்தையே பார்த்து, "வள்" என்றது.

அன்று முதல்தான் தேரியைத் தாண்டுகிறவர்கள் நூல்துணியை உடம்பெல்லாம் தளர்வாகப் போர்த்திக்கொண்டு நடக்கிறார்கள். நாயும் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, அன்றைக்குச் சொல்ல முடியாத அந்த ஒரு சொல்லை இன்னும் நம்மைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிறது.