சாமியிடம் ஒப்படைத்த மூக்கு

கரடிக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்த பண்டம் தேன் என்றொரு நம்பிக்கை நெடுங்காலமாக நிலவி வருகிறது. இது பிழை. சாதாரணப் பிழை அல்ல, பெரும்பிழை. படம் வரைகிறவர்கள் கரடியை வரையும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு தேன்குடத்தையும் வரைந்து, இதைக் குழந்தைகளின் மனத்தில் ஆழமாக ஊன்றிவிட்டார்கள். நம் காட்டுக் கரடி தேனை மறுப்பதில்லை. கொடுத்தால் நாமும்தான் மறுப்பதில்லை. ஆனால் அதன் உயிர் இருப்பது இலுப்பைப் பூவில். பங்குனி மாதத்து விடியற்காலையில் பொலபொலவென்று உதிரும் அந்தப் பூவை வயிறு முட்டத் தின்றால் கரடிக்குத் தலை சுற்றும், கால் பின்னும், பாட்டு வரும். இதைத் தெளிவுபடுத்தாமல் மேலே போவது முறையல்ல. இனிக் கதை.

ஒரு காட்டில் சடையன் என்ற கரடி இருந்தான். அவனுக்குக் கல்யாண வயது. பக்கத்து மலையில் கார்குழலி என்றொரு பெண் கரடி இருந்தாள். ஓடைக்கரையில் அவளை ஒருமுறை பார்த்ததிலிருந்து, சடையன் கறையான் புற்றைத் தோண்டத் தொடங்கிவிட்டு எதற்குத் தோண்டுகிறோம் என்று மறந்து நின்றான். ஆகவே சம்பந்தம் பேச ஆள் போயிற்று. பெண் வீட்டுச் சார்பில் அவளுடைய தாய்மாமன் வெண்மார்பர் வந்தார். எல்லாக் கரடிக்கும் மார்பில் வெள்ளைக் கோடு உண்டு. அதைத் தடவிக்கொண்டே பேசுகிற கரடி அவர் ஒருவர்தான்.

"குகை இருக்கு, சுத்திலும் புற்று இருக்கு, எல்லாம் சரி" என்றார் வெண்மார்பர். "இலுப்பைப் பழக்கம் உண்டா, தம்பி?"

சடையன் தரையைப் பார்த்தான். "எப்பவாவது, ஐயா."

"எப்பவாவதுன்னா?"

"பூக்கிறப்போ மட்டும்."

வெண்மார்பர் பெருமூச்சு விட்டார். "எங்க அக்கா புருஷனும் இப்படித்தான் சொன்னார். இந்தக் காட்டுக்கு வந்து பூவைத் தின்னுட்டு, பாடிக்கிட்டே பாறையிலேர்ந்து விழுந்தார். இன்னிக்கும் நொண்டுறார். எங்க பொண்ணுக்கும் அந்தக் கதி வேண்டாம். பௌர்ணமிக்கு அவளைக் கூட்டிக்கிட்டு வர்றேன். அன்னிக்கு உங்க வாயில இலுப்பை வாசம் அடிச்சா வந்த வழியே போயிடுவோம். மனசு வேணும் தம்பி, மனசு. என்னைப் பாருங்க. அந்த மரத்தடியில படுத்துத் தூங்கினாலும் ஒரு பூவைத் தொடமாட்டேன்."

"என் மனசும் பாறைதான், ஐயா" என்று சடையன் நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

பக்கத்து வளையில் இருந்த செதிலாண்டி இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். செதிலாண்டி ஓர் எறும்புத்தின்னி. உடம்பெல்லாம் செதில், ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வான். பெரியவர் போனதும் மெல்ல வெளியே வந்தான்.

"பாறை சரி. சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சியா?"

"எதுக்குடா? சாமிக்கு மழை, இடி, யானைன்னு பெரிய பெரிய வேலை இருக்கு. ஒரு பூ விஷயத்துக்குப் போய் அவரைத் தொந்தரவு பண்றதா?"

"கேட்கிறதுக்கு அடக்கமாத்தான் இருக்கு. உள்ளே பார்த்தா திமிர்."

"நீ மட்டும் என்னத்தைக் கிழிக்கிறே?"

"சிறுத்தைக் குகை வாசல்ல ஒரு எறும்புப் புற்று இருக்கு. அந்த ருசி வேற எங்கேயும் கிடையாது. போன வருஷம் மனசை நம்பி அந்தப் பக்கம் போனேன். சிறுத்தை என்னைப் பந்தா உருட்டி நாள் முழுக்க விளையாடிச்சு. இப்போ தினமும் காலையில மருதமரத்தடிச் சாமிக்கு முன்னாடி சுருண்டு படுத்து, 'சாமி, நான் உதவாக்கரை, என் கால் அந்தப் பக்கம் போகாம பிடிச்சுக்கோ'ன்னு சொல்றேன். சொல்லிட்டு வேற வழியா நடக்கிறேன்."

"பயந்தாங்கொள்ளி."

"ஆமாம்" என்று ஒப்புக்கொண்டான் செதிலாண்டி.

மறுநாள் விடியற்காலையில் முதல் பூக்கள் உதிர்ந்தன. வாசனை குகைக்குள் நுழைந்து சடையனின் மூக்கைத் தொட்டது. சடையன் எழுந்து உட்கார்ந்து தன் மனசோடு ஆலோசனை செய்தான்.

"மரத்தடிக்குப் போகலாமா?"

"தாராளமா" என்றது மனசு. "சோதிச்சுப் பார்க்காத உறுதி ஒரு உறுதியா?"

நியாயமாகத்தான் இருந்தது. சடையன் போய் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பூக்கள் தலையில் விழுந்தன, தோளில் விழுந்தன, மடியில் விழுந்தன. அவன் அசையவில்லை.

"பார்த்தியா, பாறை!" என்று மனசு மெச்சிக்கொண்டது. "ஆனா ஒண்ணு. இந்தப் பூவெல்லாம் இப்படியே கிடந்தா சின்ன சின்ன மான்குட்டிங்க தின்னு கெட்டுப் போகுமே."

"அடடா, ஆமாம். என்ன பண்றது?"

"யாருக்கும் எட்டாத இடமாப் பார்த்துப் போட்டுடு."

காட்டில் யாருக்கும் எட்டாத இடம் எது என்று இருவரும் கலந்து யோசித்தார்கள். சடையனின் வயிறு ஒன்றுதான் தேறியது.

பொழுது நன்றாக விடிந்தபின் செதிலாண்டி வந்து பார்த்தான். சடையன் குகை வாசலில் இருந்த கறையான் புற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கார்குழலி, கார்குழலி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். புற்று பதில் சொல்லவில்லை என்று அழவும் செய்தான்.

அடுத்த நாள் மனசு புதிய யோசனை சொன்னது. "நேத்து நீ முதுகைக் காட்டினதுதான் தப்பு. அது கோழைத்தனம். இன்னிக்கு நேருக்கு நேர் பார்."

சடையன் நேருக்கு நேர் பார்த்தான். அன்று மத்தியானம்வரை காட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது.

தெளிந்து எழுந்தபோது அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. பௌர்ணமிக்கு அதிக நாள் இல்லை. நேராகப் போய் செதிலாண்டியின் வளைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"என் மனசு என் பக்கம் இல்லைடா. அது பூ பக்கம் சேர்ந்துக்கிச்சு."

"இப்பவாவது தெரிஞ்சுதே. வா என்கூட."

ஓடைக்கரை மருதமரத்தடியில், அந்தக் காட்டு மிருகங்கள் எல்லாம் கும்பிடும் கல் ஒன்று இருந்தது. செதிலாண்டி வழக்கம்போலச் சுருண்டுகொண்டான். சடையன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்.

"சாமி, என் மனசை நம்பி ரெண்டு தடவை விழுந்துட்டேன். மூணாவது தடவையும் விழுந்தா கார்குழலி எனக்கு இல்லை. விடிஞ்சா இந்த மூக்கு என்னை இழுத்துக்கிட்டுப் போயிடும். என்னால அதைப் பிடிச்சு நிறுத்த முடியாது. மூக்கை நீயே பார்த்துக்கோ."

சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கரடி விழுவது லேசான காரியம் அல்ல. மருதமரம் உச்சிவரை ஆடியது. உச்சியில் ஒரு தேன்கூடு இருந்தது. தேனீக்கள் விசாரிக்க இறங்கி வந்தன. சடையனின் உடம்பெல்லாம் அடர்ந்த முடி இருப்பதைக் கண்டு, முடியில்லாத இடமாகத் தேடி, அங்கேயே எல்லாம் கொட்டின.

சாயங்காலத்துக்குள் மூக்கு பலாப்பிஞ்சு அளவுக்கு வீங்கிவிட்டது.

"சாமி கேட்டுக்கிட்டார்" என்றான் செதிலாண்டி, பந்துக்குள்ளிருந்தே.

"இப்படியாடா கேட்டுக்கிறது?"

"எப்படின்னு நீ சொல்லலையே."

மறுநாளும் பூ உதிர்ந்தது. அதற்கு மறுநாளும் உதிர்ந்தது. சடையனுக்கு இலுப்பை வாசமும் தெரியவில்லை, ஈரமண் வாசமும் தெரியவில்லை. பங்குனி மாதத்தில் வெயில் ஏறும்வரை அவன் தூங்கியது அதுவே முதல் முறை. விழித்ததும் மருதமரத்தடிக்குப் போய், தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

பௌர்ணமி வந்தது. வெண்மார்பரும் கார்குழலியும் வந்தார்கள். வெண்மார்பர் சடையனின் வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்தார். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. பிறகு மார்பைத் தடவினார்.

"துளி வாசம் இல்லை. நான் அன்னிக்கே சொன்னேன், மனசுதான் வேணும்னு. என்ன உறுதி, தம்பி, உங்க மனசுக்கு!"

சில நாளாக வாய் திறக்காமல் இருந்த மனசு உடனே விழித்துக்கொண்டது. "ஆமாம்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தைதான். கல்யாணம் முடிஞ்சுது."

சடையன் கார்குழலியைப் பார்த்தான். அவள் அவன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'சாமி, வாயையும் பார்த்துக்கோ' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு அவன் பேசத் தொடங்கினான்.

"மனசு இல்லை, ஐயா. மனசை நம்பி ரெண்டு நாள் மூக்குமுட்டத் தின்னேன். அப்புறம் என்னால முடியாதுன்னு சாமிகிட்ட விட்டுட்டேன். அவர்தான் தேனீயை அனுப்பி மூக்கை அடைச்சார்."

வெண்மார்பர் எழுந்துவிட்டார். "தின்னீங்களா? கிளம்பும்மா குழலி."

கார்குழலி எழுந்திருக்கவில்லை. "உட்காருங்க மாமா. பாறையிலேர்ந்து விழுந்த அன்னிக்கும் அப்பா 'தொடவே இல்லை'ன்னுதான் சத்தியம் பண்ணினார். 'தின்னேன்'னு சொல்ற கரடியை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன்." பிறகு சடையன் பக்கம் திரும்பினாள். "அடுத்த பங்குனிக்கு என்ன பண்றதா இருக்கீங்க?"

"முதல் பூ விழறதுக்கு முன்னாடியே சாமிகிட்ட சொல்லிடுவேன். சொல்லிட்டு உங்க மலைப்பக்கம் வந்துடலாம்னு இருக்கேன். அங்கே இலுப்பை மரம் இல்லையாமே."

"தேனீ நிறைய உண்டு."

"இருக்கட்டும். பழகிடுச்சு."

கார்குழலி சிரித்துவிட்டாள். அதற்குமேல் தாய்மாமன் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"சரி, மாப்பிள்ளை" என்றார் வெண்மார்பர். "நம்ம பெரியவங்களைக் கேட்டு நாள் குறிச்சுக்கிட்டு இன்னிக்குச் சாயங்காலமே வந்துடறேன். ஆனாலும் இத்தனை பேரைக் கவிழ்க்கிற அளவுக்கு அந்தப் பூவுல அப்படி என்னதான் இருக்கு? மரம் போற வழியிலதானே? ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டுப் போறேன். என் மனசைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே."

ஆசைக்கு எதிரே தன் மனத்தையே காவலுக்கு வைக்கிறவன் விழுவான். தன்னால் முடியாது என்று கடவுளிடம் ஒப்புக்கொண்டு அவரை நம்புகிறவன் நிற்பான்.

நாள் குறித்து வரப் போன வெண்மார்பர் மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினார். குகை வாசலில் இருந்த கறையான் புற்றுக்கு வணக்கம் சொல்லி, அதனிடம் முகூர்த்த நேரத்தைத் தெரிவித்தார்.