வெள்ளிவிழா மலரின் கடைசி மடிப்பு

புத்தகம் சேர்ப்பவர்கள் எல்லாரும் புத்தகம் படிப்பவர்கள் என்று நினைப்பது வெளியாட்கள் செய்கிற பிழை. பாளையங்கோட்டை அரும்பதிப்பு அன்பர் சங்கத்தில் அந்தப் பிழையை யாரும் செய்ததில்லை.

சங்கத்தைக் கலைப்பது என்று முடிவானபோது எஞ்சியிருந்த உறுப்பினர்கள் மூன்றே பேர். தலைவர் ஆறுமுகநயினார், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். ஷேக் மதார், கடிகாரக் கடைக்காரர். ஒரு கண்ணில் புரை நீக்கிக் கட்டுப் போட்டிருந்தார், மறு கண் தன் முறைக்குக் காத்திருந்தது. மூன்றாமவர் செயலாளர் எஸ்தர் டீச்சர். சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகளை எத்தனையோ ஆண்டுகளாக எழுதி வந்தவர் அவர்தான். எந்த நூல் எந்த வீட்டில் இருந்தது, யார் யாரோடு மாற்றிக்கொண்டார், எதற்காகப் பேச்சுவார்த்தை நின்றது என்பதெல்லாம் மூன்று தகரப் பெட்டிகளில் கிடந்தது.

வாடகை அறையைக் காலி செய்தாக வேண்டும். பெட்டிகள் கல்லூரி நூலகத்துக்குப் போனால் ஊரில் எவரும் எடுத்துப் பார்க்கலாம். அதுதான் டீச்சரின் ஆசை. நயினார் வீட்டுக்குப் போனால் கண்ணாடி அலமாரிக்குள் போகும். அதற்குள் போன எதையும் டீச்சர் மறுபடி கையில் தொட்டதில்லை. மதாரோ, தமக்குப் பேச்சுத்துணை இல்லை, பெட்டிகள் கடையில் கிடக்கட்டும் என்றார். கண் தெரியாதவருக்குப் பெட்டி எதற்கு என்று நயினார் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

சங்கத்தின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மாதக் கூட்டத்துக்கு ஒருவர் ஒரு நூல் கொண்டுவருவார். அதை அடுத்தவர் கையில் கொடுக்கமாட்டார். தாமே பிடித்துத் தாமே பக்கம் புரட்டுவார், டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு எட்டி நின்று உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். இதைக் 'கேட்டனர்' என்று குறிப்பில் எழுதுவதா, 'படித்தனர்' என்று எழுதுவதா என டீச்சர் ஒருமுறை சந்தேகம் எழுப்பினார். கேட்டனர் என்று எழுதினால் கச்சேரி போல் இருக்கும், 'உறுப்பினர் அனைவரும் படித்தனர்' என்றே எழுதவேண்டும் என்று நயினார் தீர்ப்பளித்தார். அன்றுமுதல் அப்படியே எழுதப்பட்டது.

ஆவணங்கள் யாருக்குச் சேரவேண்டும் என்பதற்கு விதி இல்லாமலில்லை. சங்கத்தை நிறுவிய வழக்கறிஞர் சிவசைலம் விதிகளைத் தம் கையால் எழுதி, வெள்ளிவிழா மலரின் கடைசி மடிப்பில் அச்சிட்டிருந்தார். கையெழுத்துப் படியைக் கறையான் தின்றுவிட்டது. மலர் மட்டும் பத்திரமாக இருந்தது, அளவுக்கு மீறிப் பத்திரமாக. பழைய முறைப்படி தாள்களின் ஓரத்தை வெட்டாமல் தைத்த மலர் அது. மடிப்பைக் கத்தியால் கீறினால்தான் உள்பக்கம் தெரியும். கீறாத படிக்கே மதிப்பு என்று தெரிந்தவர்கள் ஆனதால் ஒருவரும் கீறவில்லை. டீச்சர் தம் படியை முன்பே கல்லூரிக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மீதி, நயினாரிடம் ஒன்று, மதாரிடம் ஒன்று.

விதி இன்னதென்று தெரியாத நிலையில் தலைவர் சொல்வதே விதி என்றார் நயினார். மதார் பையிலிருந்து மலரையும், கடிகாரம் திறக்கிற சின்னக் கத்தியையும் எடுத்தார்.

"வே, உமக்குப் பைத்தியமா? கீறினா அது வெறும் பொஸ்தகம்."

"பொஸ்தகமா ஆயிட்டுப் போவுது, அண்ணாச்சி," என்று மதார் விரலால் மடிப்பைத் தடவித் தடவிக் கீறினார். நயினார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மதார் பக்கத்தை விரித்துப் பிடித்தார். டீச்சர் எட்டி நின்று வாசித்தார்: "சங்கம் கலையும் நாளில் அதன் ஆவணங்கள்..."

"...இம்மலரைக் கீறிப் படித்த உறுப்பினரையே சேரும்," என்று சுவரைப் பார்த்தபடியே முடித்தார் நயினார்.

டீச்சர் வரியைக் கடைசிவரை வாசித்தார்; எழுத்துக்கு எழுத்து அதுவே இருந்தது. கீறாத மலரில் இருப்பது எப்படித் தெரியும் என்று டீச்சர் கேட்டதன்பேரில், நயினார் ஒப்புக்கொண்டார். அவர் மைத்துனர் பல் வைத்தியர். வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கிற அவருடைய சின்னக் கண்ணாடியை மடிப்புக்குள் விட்டு, கீறாமலே முழுவதையும் எப்போதோ படித்தாகிவிட்டது. இன்று சட்டைப்பையில் பேனாக்கத்தியோடுதான் வந்திருந்தார்; தம் படியைக் கீற மனசு வரவில்லை. ஆனாலும் முதலில் படித்தவர் தாமே, ஆகவே பெட்டிகள் தமக்கே என்றார்.

டீச்சருக்கும் வழக்காட வேண்டியிருந்தது. இப்போது விட்டால் பெட்டிகள் கல்லூரிப் பக்கமே போகா. "கீறினது பாய்தான். ஆனா படிச்சது நான்லா?"

"கத்தியும் பொஸ்தகமும் என்னுது. வாய் மட்டுந்தான டீச்சர் உங்களுது," என்றார் மதார்.

கீறாமல் படித்தவர் ஒருவர். தாம் கீறாததைப் படித்தவர் ஒருவர். கீறியும் ஓர் எழுத்தைக்கூடக் கண்ணால் பார்க்காதவர் ஒருவர். பெட்டிகள் இதில் யாருக்குச் சேரவேண்டும்?

விடை: ஷேக் மதாருக்கு. கீறியவர் அவரே என்பதில் தகராறு இல்லை. படித்தாரா என்றால், இந்தச் சங்கத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டால் அது படித்ததாகவே கணக்கு. தீர்ப்புச் சொன்னவர் நயினார், எழுதிவைத்தவர் டீச்சர், பெட்டி நிறையச் சாட்சி. அதை இன்று மறுத்தால், இத்தனை ஆண்டுக் கூட்டங்களில் தாம் ஒரு நூலையும் படிக்கவில்லை என்று தலைவரே ஒப்புக்கொண்டதாகும். அவர் மறுக்கவில்லை. மதார் பெட்டிகளைக் கல்லூரிக்கே அனுப்பினார், ஒரு நிபந்தனையோடு: மாதம் ஒரு சனிக்கிழமை அவற்றிலிருந்து தமக்கு உரக்க வாசிக்கவேண்டும். நூலகச் சுவரில் 'அமைதி காக்கவும்' என்று பலகை இருக்கிறது. டீச்சர் அதற்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.